மொட்டை மலையில் பதினொரு மாடுகள்

ஜெர்மன்காரர்கள் இதை மொட்டை மலை என்றார்கள்.
அவர்கள் போன பிறகு வந்த நாங்கள்
எங்கள் மொழியில் மொட்டை மலை என்றோம்.
யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.
தலையைப் பார்த்தாலே தெரிகிறதே.

மலை என்பது மரியாதைக்கு.
பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து
இனி முடியாதென்று போட்டுவிட்டுப் போன மண்.
அன்றிலிருந்து ஓடர் ஆறு
அதன் காலைக் கொறித்துக்கொண்டே இருக்கிறது.
தெற்குச் சரிவில் வெயில் தங்கும், மழை தங்காது.
அங்கே இறகுப்புல்:
விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் வெள்ளி வால்.
பறந்து விழும்,
ஈரம் பட்டதும் திருகாணிபோல் சுழன்று
தன்னைத்தானே மண்ணில் முடுக்கிக்கொள்ளும்.
ஏப்ரலில் அடோனிஸ்,
துலக்கிய பித்தளையை வெயிலில் வைத்த மஞ்சள்.

எல்லாம் கிழக்கே புல்வெளிகளிலிருந்து வந்தவை என்பாள்
தாவரக்காரி மிரோஸ்லாவா ஹிரின்கேவிச்.
நானும் கிழக்குதான்.
நாற்பத்தாறில், மூன்று வயதில்,
சரக்கு ரயிலில் பதினாறு நாள்,
ஒரு ஆட்டின் வயிற்றில் சாய்ந்தபடி.

நாங்கள் இறங்கிய வீட்டில்
ஜெர்மன் விதவை ஒருத்தி இன்னும் இருந்தாள்.
இலையுதிர் காலம்வரை
அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே அடுப்பு.
போகிற நாளில் அவள் சரிவைக் காட்டி
இரண்டு விரலைக் கொம்புபோல் நெற்றியில் வைத்தாள்.
மேய்க்க நல்ல இடம் என்றாளா,
உங்களைப் பிசாசு கொண்டுபோக என்றாளா,
அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

உச்சியில் பதுங்குகுழி
பாம்புச்சட்டைபோல் வளைந்து கிடக்கிறது.
முள் பிளம் அங்கே மட்டும் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும்.
யாருடைய உரம் என்று கேட்காமல்
முதல் உறைபனிக்குப் பின் பறித்து
வோட்காவில் ஊறப்போடுவோம்.

கூட்டுப்பண்ணையை மூடினார்கள், ஆடுகள் போயின.
முள் கீழே இறங்க ஆரம்பித்தது.
அப்போதுதான் மிரோஸ்லாவா வந்தாள்,
முளைக்குச்சிகளோடு, நூல்கண்டோடு.
சரிவைக் கட்டங்கட்டமாய்ப் பிரித்தாள்.
அடோனிஸ் அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டாள்.
கால் வைக்காதீர்கள் என்று பலகை நட்டாள்.

தொண்ணூற்றேழு ஜூலை.
இரவு இரண்டு மணிக்குக் கரை உடைந்தது.
பலகையைப் படிக்கத் தெரியாத பதினொரு மாடுகளையும்
படிக்கத் தெரிந்த என்னையும்
மேலே ஓட்டிக்கொண்டு போனேன்.

பத்தொன்பது நாள்.
கீழே கூரைகள், மிதக்கும் வைக்கோல்,
யாருடையதோ ஒரு சமையலறைக் கதவு.
மேலே மாடுகள் நூலை அறுத்தன,
குச்சிகளை மிதித்தன,
இறகுப்புல்லைத் தின்றன, முள்கொழுந்தையும் தின்றன.
ஏழாம் நாள் யகோடா கன்று போட்டது,
மிகச் சரியாக நான்காம் கட்டத்தில்.

ராணுவப் படகில் வந்து சேர்ந்தாள் மிரோஸ்லாவா.
பார்த்தாள். கோபத்தில் போலிஷ் வரவில்லை.
ஒவ்வொரு செடியின் லத்தீன் பெயரையும்
சத்தமாகச் சொன்னாள்,
செத்தவர் பட்டியல் வாசிப்பதுபோல.
நான் அவளுக்கு ஒரு குவளை பால் கொடுத்தேன்.
குடித்தாள். அப்புறம் அழுதாள்.

ஆறு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

ஏழாவது ஏப்ரலில் கதவைத் தட்டினாள்.
பூட்ஸில் மண், கையில் நோட்டு.
இருநூற்று நான்கு, என்றாள்.
காய்ந்த புல் மெத்தையைக் குளம்பு கிழித்திருக்கிறது,
விதைக்கு மண் தெரிந்திருக்கிறது.
முளைத்துப் பூக்க இத்தனை வருடம்.
என்னதான் செய்தாய் அங்கே, என்றாள்.

பால் கறந்தேன், என்றேன்.

இப்போது அரசாங்கம் பணம் தந்து ஆடு மேய்க்கிறது.
அதற்கொரு திட்டம், அதற்கொரு கோப்பு.
கோப்பில் யகோடாவின் பெயர் இல்லை.
சரிவில் மழை தங்காது என்றேன் அல்லவா,
நான்காம் கட்டத்தில் ஒரே ஒரு பள்ளத்தில் தங்கும்.
கன்று போடும்போது அது முட்டி ஊன்றிய இடம்.
வானம்பாடி வந்து குடித்துவிட்டுப் போகும்.
அந்தப் பள்ளத்தை மட்டும்
மிரோஸ்லாவா எண்ணுவதில்லை,
சுற்றிப் போகிறாள்.