சுரங்கத்துக்கு முன்

அடுத்த மாதம் இந்தத் தெருவுக்கு அடியில்
ரயிலுக்குச் சுரங்கம் தோண்டப் போகிறார்கள்.
அதற்குள் எல்லா வீட்டுச் சுவரையும்
படம் பிடித்து வைக்க வேண்டும் நான்.
எது முன்பே வெடித்தது, எது பின்னால் வெடித்தது
என்று வழக்கு வந்தால் காட்ட.

செத்தாப்பாக். கடைசி லோரோங். எண் முப்பத்திரண்டு.
திருமதி சற்குணவதி பூட்டைத் திறக்குமுன்
கம்பிக்கு அப்பாலிருந்தே கேட்டார்:
"காசு குடுப்பாங்களா?"

கூடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.
பூச்சு காய்ந்து விழுந்த மயிரிழைகள்.
ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் ஒன்று,
அரை மில்லிமீட்டர்.
அதன் நுனியில் பென்சிலால் தேதி போட்டேன்.
"கிறுக்காதீங்க, தீவாளிக்குத்தான் சாயம் அடிச்சது."
நாட்காட்டிக்குப் பின்னால், பொதுச்சுவரில் இன்னொன்று.
பக்கத்து வீட்டு லியோங் ஏர்கோன் மாட்டியதால் என்றார்.
காலையில் லியோங், இவர் மகனின் சுத்தியலால் என்றிருந்தார்.
இரண்டு பக்கமும் அளந்தேன்.
ஒரே அகலம்.

பிறகு சமையலறை.

வீட்டைக் கட்டியவன் பாகாவ் கழிகள் இறக்கித்தான் கட்டினான்.
சமையலறை பிற்பாடு சேர்த்தது,
சேமநிதியில் எடுத்த பணத்தில்.
குத்தகைக்காரன் முழங்கால் ஆழம் தோண்டினான்,
போதும் என்றான்.
கீழே இருப்பது பழைய ஈயக்குட்டை.
மணல் கொட்டி, குப்பை கொட்டி,
மேலே தாமான் என்று பெயர்ப்பலகை நட்ட நிலம்.
இரண்டு கட்டடமும் சேரும் இடத்தில்
தரையிலிருந்து கூரைவரை ஒரு பிளவு.
அடியில் ஐந்து.
தோளுயரத்தில் பதினொன்று.
உச்சியில் பத்தொன்பது.
அதன் வழியே வந்த வெயில்
மிளகாய்த்தூள் டப்பாவின்மேல் நிமிர்ந்து நின்றது.
வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.
சமையலறை மட்டும் எங்கோ கிளம்பிவிட்டது.

"சாப்பிட்டுட்டு அளங்க" என்றார்.
தோசை ஒரு பக்கம் தடித்திருந்தது.
"அடுப்பே சாயுது. மாவு எப்பவும் வடக்கே ஓடும்.
நான் தெக்கால ஊத்தித்தான் இழுப்பேன்."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"எப்போதிலிருந்து?"

"கனகமலர் கல்யாணத்தப்பவே.
ரெண்டாயிரத்து ஒம்பது. சம்பந்தி வீட்டுல கூட
சொல்லிக்காட்டி..."

நிறுத்தினார்.
கரண்டி கல்லின்மேலேயே நின்றது.
அந்தத் தோசை கருகியது.

"அத எழுதாதீங்க."

சுரங்கம் வந்தால் இன்னும் சாயாதா என்றார்.
சாயலாம் என்றேன்.
"அப்ப?"
"அந்த மிச்சத்துக்கு மட்டும் தருவார்கள்."
மிச்சம் எவ்வளவு என்றார்.
அளவு அட்டையில் இரண்டாவது கோட்டைக் காட்டினேன்.
கண்ணாடியைத் தூக்கி, கிட்டே வைத்துப் பார்த்தார்.
"இதுக்கு உளுந்து கூட வராது."

பிளவுக்குக் குறுக்கே, கட்டைவிரல் அகலத்தில்,
கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டினேன்.
உடைந்தால் சுவர் நகர்ந்தது என்று அர்த்தம்,
கூப்பிடுங்கள் என்றேன்.

மூன்றாம் நாளே கூப்பிட்டார்.
"ஒடஞ்சிருச்சு."
தோண்டும் இயந்திரம் இன்னும் துறைமுகத்தை விட்டே
வெளியே வரவில்லை.

போய்ப் பார்த்தேன்.
கண்ணாடி சரிபாதியாக உடைந்திருந்தது.
உடைந்த விளிம்பில்
காய்ந்த மாவு.

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
பையிலிருந்து வேறொரு சில்லை எடுத்து ஒட்டி,
அன்றைய தேதியை எழுதினேன்.
படிவத்தில் 'காரணம்' என்றிருந்த கட்டத்தை
அலுவலகத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

தட்டை நீட்டினார்.
வாங்கி,
தடித்த பக்கத்திலிருந்து தொடங்கினேன்.