ஆறு நிமிடத் துண்டு

டூலூத் சரிவு நெடுக அன்று பனி.
பள்ளிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
சாவியின் குளிர் இன்னும் கையில் இருக்க
பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில்
வக்கீல் ரோவீனா ஹால்வர்சனைப் பார்க்கப் போனேன்.

நான் பார்த்த மூன்றாவது வக்கீல்.
முதல் ஆள் வெல்டனின் சம்பளத்தை மட்டும் கேட்டார்.
இரண்டாம் ஆள், "அவனை உரித்துவிடலாம்" என்றார்,
மீனைச் சொல்வது போல.

இவர் முதலில் கடிகாரத்தைக் காட்டினார்.
"ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டுவேன்.
ஆறு நிமிடம் ஒரு துண்டு.
ஏழாவது நிமிடம் தொடங்கினால் இரண்டாவது துண்டு.
அழுகையும் கணக்கில் சேரும்.
காரில் அழுதுவிட்டு வாருங்கள்,
அங்கே இலவசம்."
சிரிப்பு வந்தது. அதற்கும் காசு என்று
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

முன்பணம் மூவாயிரத்து ஐந்நூறு டாலர்.
ஹாக்கிப் பிள்ளைகளை ஹிப்பிங்குக்கும் பெமிட்ஜிக்கும்
ஓட்டிப்போய்க் காத்துக் கிடந்து
ஓட்டிவந்த சனிக்கிழமைகள் அத்தனையும்.
"ஏரியில் ஒரு மீன்பிடிக் குடில் இருக்கிறது, அதை விற்றால்…"
"தொடாதீர்கள். அதில் பாதி அவருடையது.
எந்தப் பாதி என்று சண்டை போடத்தான் நான்."

மூன்று தாள் கொண்டுபோயிருந்தேன்,
இரண்டு பக்கமும் எழுதி:
வெல்டன் செய்தவை, செய்யாதவை,
தேதி போட்டு, சில இடத்தில் கிழமையும் போட்டு.
வாங்கினார். கவிழ்த்தார்.
மேலே காப்பிக் கோப்பையை வைத்தார்.

"பையனுக்குக் காலணி அளவு?"
ஐந்து. இடது கால் கொஞ்சம் பெரிது.
"பல் மருத்துவர்?"
உங்களுக்கு நேர் கீழே.
"எதற்குப் பயப்படுவான்?"
தீயணைப்பு மணிக்கு. கேட்டால் இல்லை என்பான்.

பிறகு ஒரு படிவம், கணினித் திரையில்.
ஆர்லோ எந்த வீட்டில் எத்தனை இரவு தூங்குவான் என்று
எண்ணைப் போட்டால்
மாதத் தொகை தானாக மாறுகிறது.
தகப்பன் பக்கம் இரவு கூட,
என் பக்கம் டாலர் இறங்கியது.
பிள்ளையின் தூக்கத்துக்கும் தராசு உண்டு.
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
அது எந்தத் தாளிலும் இல்லை.

"பையனைப் பற்றி வெல்டனுக்குத் தெரிந்து
உங்களுக்குத் தெரியாதது எது?"

கடிகாரம் பாட்டுக்கு ஓடியது.
ஜன்னலுக்கு வெளியே, கீழே,
தாதுக் கப்பல் ஒன்றுக்காகப் பாலம் எழுந்து நின்றது.
இரண்டு பக்கமும் கார்கள், விளக்கெரிய.

காய்ச்சல் ராத்திரிகளில்
நான் அலமாரியைக் குடைந்து மருந்து தேடுவேன்.
அந்த மனுஷன் அதற்குள்
பையனின் புருவத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி
தூங்க வைத்திருப்பான்.
எந்தப் பக்கமாக, எவ்வளவு அழுத்தி,
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இதை வாய்விட்டுச் சொன்னேனா, ஞாபகமில்லை.
கப்பல் போய், பாலம் இறங்கி,
கார்கள் நகர்ந்தன.

மாதக் கடைசியில் ரசீது வந்தது.
கட்சிக்காரருடன் ஆலோசனை: 0.9.
நான் இருந்ததோ ஒரு மணி ஆறு நிமிடம்.
இரண்டு துண்டு குறைகிறது.
போன் போட்டுக் கேட்கலாம்.
கேட்டால் அதற்கொரு துண்டு.

வெள்ளிக்கிழமை ஆர்லோவை இறக்கிவிட்டபோது
கதவில் வெல்டன் நின்றான், சாக்ஸ் காலோடு.
கேட்டுவிட்டேன்:
"புருவத்தை நீவுவாயே,
நடுவிலிருந்து வெளியேவா, வெளியிலிருந்து நடுவிலா?"

என்னை வெகுநேரம் பார்த்தான்.
"இதை உன் வக்கீல் கேட்கச் சொன்னாளா?"