கழுத்துக்குக் கீழே

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் எங்கள் கடை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய், கம்பிச்சட்டம் தனி.
ஜூன் பிறந்தால் மழையும் முகங்களும் வரும்.

பள்ளிச் சீருடையில் சில, ஞானஸ்நானச் சட்டையில் ஒன்று,
ஒருவனின் தோளில் தங்கச்சியின் கை பாதி ஒட்டியிருக்கும்.
எல்லாவற்றையும் கழுத்தோடு வெட்டுவேன்.
கீழே ஒட்டுவதற்கு ஒரு கோட்டு இருக்கிறது,
கருநீலம், சிவப்பு டை.
முதலாளி எந்தக் காலத்திலோ எங்கிருந்தோ இறக்கியது.
இந்தத் தாலுகாவில் ஜெயித்த அத்தனை பேரும்
அந்த ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள்.
உள்ளே முதலில் இருந்தவன் யாரென்று தெரியாது.

"ஐஐடி ரெண்டு அடிடே," என்பார்
கோச்சிங் சென்டர் ஞானசிகாமணி சார்.
"என்ஐடி ஒண்ணரை. அண்ணா யுனிவர்சிட்டி கையளவு போரும்.
மிச்சம் உள்ளதுக்கு பேரு மட்டும், கீழ வரியா ஓடட்டு."

மிச்சம் உள்ளது நாற்பத்தோரு பேர்.
எழுத்தை நெருக்கி நெருக்கித்தான் அடங்குகிறார்கள்.
பஸ் போனால் சேறு தெறிப்பது
அந்த வரியில்.

ஏழு வருஷம் முன்பு அந்தக் கோட்டில் என் தலை இருந்தது.
குழித்துறைப் பாலத்து முக்கில், இரண்டு அடி.
விவேக் எக்ஸ்பிரஸில் மூன்று ராத்திரி போய்
குவாஹாட்டியில் இறங்கினால்
அங்கே எல்லாரும் ஏதோவோர் ஊரின் இரண்டு அடி.
மறுபடி அளந்தார்கள்.
ரோபோ அணி, விவாதக் குழு, நிதிக் கழகம்,
ராத்திரி பதினொன்றரைக்கு நேர்காணல்.
"நீ எதற்கு எங்களோடு?" என்று
என்னைவிட ஒரு வயது மூத்தவன் பேனாவைச் சுழற்றியபடி கேட்டான்.
எனக்கு வேணும், என்றேன்.
அது பதில் இல்லையாம்.

மூன்றாம் பருவம் முடியுமுன்
திரும்ப மூன்று ராத்திரி.
பாலத்து முக்கில் நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்,
வெளுத்து, ஒரு கண் கிழிந்து.
அதன் கீழேதான் ஆட்டோவுக்குக் காத்திருந்தேன்.
மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்க்க
யாருக்கும் நேரமில்லை, நல்லவேளை.

வாட்ஸ்அப்பில் அந்த பேட்ச் இன்னும் என்னை நீக்கவில்லை.
தரவரிசை வரும் நாளில் பட்டாசுப் படங்கள்,
இடையில் யாருக்கோ குழந்தை, யாருக்கோ சியாட்டில்.
போன மாதம் ஒரு படிவம் வந்தது, முன்னாள் மாணவர் அட்டைக்காக.
'பட்டம் பெற்ற ஆண்டு' பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
முடித்தவனும் முன்னாள்தான்,
முடிக்காதவனும் முன்னாள்தான்.
தமிழுக்கு இருக்கிற தாராளம்
அந்தப் படிவத்துக்கு இல்லை.

நேற்று மழையோடு ஒரு பெண் வந்தாள்.
பெர்ஸ்லின், தேங்காய்ப்பட்டணம்.
இந்த வருஷத்து இரண்டு அடி.
குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள்.
"அண்ணா, எனக்க போட்டோவ எடுத்திர முடியுமா?"
ஏன், என்றேன்.
"இல்ல... ஒருவேள நான் திரும்பி வந்திட்டா,
இத யாரு வந்து அவுப்பா?"

அவளுக்கு என்னைத் தெரியாது.
சார் பணம் கட்டியாயிற்று, எடுக்க முடியாது, என்றேன்.
சரி என்று போய்விட்டாள்,
தரையில் குடை சொட்டிய வட்டம் இருந்தது.

ராத்திரி அவள் படத்தைத் திறந்தேன்.
சாம்பல் சுடிதார், தோளில் ஊக்கு,
பின்னால் பாதி வலை, பாதி சுவர்.
கழுத்தில் கத்தரி வைத்தவன்
வைக்காமல் எடுத்தேன்.

காலையில் சார் திரைக்கு முன் குனிந்து நின்றார்.
"எல்லாருக்கும் இருக்கு, இவளுக்கு கோட்டு எங்கடே?"

அந்த ஃபைல் போயிட்டு சார், என்றேன்.
மிச்சம் பன்னிரண்டு கோட்டும்
அவர் முகத்துக்கு நேரே மின்னிக்கொண்டிருந்தன.