இரண்டு செக்கன்

உரைபெயர்ப்பவள் எப்போதும்
இரண்டு செக்கன் பின்னால்தான் வாழ்கிறாள்.
சாட்சி வாயை மூடி
நான் திறப்பதற்கிடையில்
புதுக்கடை நீதிமன்றத்து மின்விசிறி
களைத்த ஒரு சுற்றை முடித்துவிடும்.
பதினேழு வருடம்
அந்தச் சுற்றுக்குள்தான் சம்பளம் வாங்கினேன்.

இப்போது நான்கு செக்கன்.
சில நாள் ஆறு.

படத்தை வெளிச்சப் பலகையில் செருகிவிட்டு
டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னார்:
வெள்ளைப் புள்ளிகள், பழையவை, புதியவை,
மூளை கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறது,
நாற்பத்துமூன்று வயதுக்கு அது கூடுதல்.
பக்கத்தில் இருந்த தங்கச்சிக்கு
வழக்கம்போல நான்தான் தமிழில் சொன்னேன்.
'இவருடைய மூளை' என்று,
யாரோ ஒரு மனுதாரரைப் பற்றிச் சொல்வதுபோல.
'சுருங்கி' என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.
பதினேழு வருடத்தில்
தெரிந்துகொண்டே நான் விட்ட முதல் சொல்.

பிறகு ஒரு பிள்ளை, என்னிலும் பாதி வயது,
ஒன்பது குறிகளும் ஒன்பது இலக்கங்களும் உள்ள தாளைத் தந்தாள்.
குறிக்கு நேரே இலக்கம். தொண்ணூறு செக்கன்.
லேசு. எனக்குத் தெரியும்.
தெரிவதற்கும் எழுதுவதற்கும் நடுவில்
பின்னேரம் ஐந்தரை மணிக் காலி வீதி கிடந்தது,
ஹோர்ன் எல்லாம் அடிக்கிறது, ஒன்றும் நகரவில்லை.
"முப்பத்தொன்று," என்றாள்.
நல்லதா கெட்டதா என்று
அவள் முகம் மொழிபெயர்க்கவில்லை.

வெயில் வேறு.
பஸ்ஸால் இறங்கி ஏற்றத்தில் நடந்தால்
பத்து மணிக்கே எழுத்துகளின் ஓரம் உருகும்.
குழாயடியில் மணிக்கட்டுகளை நனைத்துக்கொண்டு நிற்கையில்
"களைப்பா மிஸ்?" என்பார் சார்ஜன்ட் விஜேபால.
"நித்திரை காணாது," என்பேன்.
அவர் கேட்பது சிங்களம், நான் சொல்வது பொய்.
அந்த மாற்றத்துக்கு இன்னும்
அரைச் செக்கனும் பிடிப்பதில்லை.

கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி.
அன்றன்று காணாமற்போன சொற்களை இரவில் எழுதுகிறேன்:
ஈடு. படகுத்துறை. ஒன்றுவிட்ட.
விடிந்தால் எல்லாம் வந்திருக்கும்,
பிந்தி வந்து, இடாப்பில் ஒன்பது மணி என்று ஒப்பமிட்டு
ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்திருக்கும் எழுதுவினைஞர்களைப்போல.

செவ்வாய்க்கிழமை.
இரண்டாம் எதிரி, முகத்துவாரத்துச் சூசைப்பிள்ளை சவிரியான்.
கெய்சர் வீதியில் துணிக்கடை உடைத்த வழக்கு.
"பூட்டு முதலே திறந்துதான் கிடந்தது ஐயா."

பூட்டு.

நீதவான் பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.
சிங்களத்தில் ஆமைக்கும் பூட்டுக்கும் ஒரே சொல்.
அது எனக்குத் தெரியும்.
ஆமையும் வந்தது:
அதன் முதுகு, சுருக்கம் விழுந்த கழுத்து,
தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் ஈரச் சீமெந்தில்
அது தூக்கி, வைக்க மறந்த ஒரு கால்.
சொல் மட்டும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.
ஆங்கிலத்தில் போய்த் தட்டினேன். அங்கேயும் ஆளில்லை.
மூன்று சுற்று. நான்கு.
என்னையறியாமல் என் வலது கை
காற்றில் ஒரு திறப்பைத் திருகியது.

"இப்பா," என்றது கூண்டு, மெதுவாக.

சவிரியான்.
சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது என்று சொல்லி
அதற்காகவே என்னை வரவழைத்தவன்.

அவனுடைய சட்டத்தரணி கோவையை மூடினார்.
யாரோ சிரித்து, இருமலாக்கினார்கள்.
நீதவான் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார்,
பிறகு என்னை, கொஞ்சம் கூடுதலான நேரம்.
"அப்படியென்றால் உமக்குச் சிங்களம் விளங்கும்?"
சிங்களத்தில்தான் கேட்டார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.
சொற்கள் ஒவ்வொன்றாக
மூச்சு வாங்கியபடி ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தன.
அவை வந்து சேரும்வரை
அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
ஒன்றும் விளங்காதவனாக
என் வாயையே பார்த்தபடி நின்றான்.