இரைச்சல் நீக்கம்

பாளையங்கோட்டை கிளப், ஐப்பசி, சனி இரவு.
கேசட் உறையில் பச்சை மையில் இவ்வளவுதான்.
கீழே, செலஸ்டின் கொரேரா, சாக்ஸபோன்.
தூத்துக்குடியில் பிறந்து
கொழும்பு ஓட்டல்களிலும் கப்பல்களிலும் ஸ்விங் ஊதியவர்.
அன்றைக்கு வயது எழுபத்தொன்று என்றாள் மகள்
பெர்த்திலிருந்து, போனில்.
"அப்பா மட்டும் கேட்டால் போதும்.
மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள்."

எடுத்தேன்.
முதலில் முருகன்குறிச்சி முனையில் திரும்பும் பஸ்ஸின் ஹாரனை.
பிறகு யாரோ சோடா உடைப்பதை,
நாற்காலி ஒன்று தரையில் இழுபடுவதை.
சீட்டு மேசை லேசில் போகவில்லை.
"ஜோக்கரை எங்க வே ஒளிச்சு வச்சிருக்கீரு?"
என்கிறது ஒரு கட்டைக்குரல்,
கொரேரா அதே கேள்வியை
மூன்று சுரத்தில் திருப்பிக் கேட்கிறார்.
சிரிப்பு.
சிரிப்பையும் எடுத்தேன். அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

கடைசியாக அந்த டக்.
மெதுவாய்ச் சுற்றும் விசிறி, இறகு ஏதோ தளர்ந்திருக்க வேண்டும்,
சுற்றுக்கு ஒரு டக்.
அதையும் துடைத்தபின்
திரையில் சாக்ஸபோன் மட்டும், தனியாக,
குறுக்குத்துறையில் பாசிப்படியைக்
காலால் தேடுகிறவர் மாதிரி.
ஒவ்வொரு வரியும் பிந்தி வருகிறது.
சரி, வயசாயிட்டு, என்றுதான் நினைத்தேன்.
இரண்டு வரியை இழுத்து நேரத்தில் நிறுத்தினேன்.
பள்ளிக்கூட மணி ஆகிவிட்டது.

விசிறியைத் திரும்பப் போட்டேன்.
மனுஷன் தடுமாறவே இல்லை.
கல்யாண வீட்டுக்கு விரசாய்ப் போகிற பெண்டாட்டிக்குப் பின்னால்
பீடியை அணைக்காமல்
பிந்தியும் பிந்தாமலும் நடக்கிறவனைப் போல
அந்த டக்குக்கு அரையடி பின்னால்
வந்துகொண்டே இருக்கிறார்.

தொடக்கத்துக்குப் போனேன்.
"டிரம்ஸ்காரன்?"
"பஸ்சு வல்லநாட்டுல நிக்கி அண்ணாச்சி."
நாலு டக், ஒருவரும் பேசவில்லை.
அப்போதுதான் அந்த நாற்காலி.
விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டிருக்கிறார்.
ஒரு மூச்சு.

பத்தொன்பதாம் நிமிஷம் கரண்ட் போகிறது.
ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது, நல்லவேளை.
டக்.
டக்.
ரொம்ப நேரம் கழித்து
டக்.
பாட்டும் அதோடு இளைத்து, நீண்டு,
நூல் அறாமல் இறங்குகிறது.
அடுத்த டக்குக்கு ஒரு சுரத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.
அது வரவில்லை.
எழுபத்தொரு வயது நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கும்?

இருட்டில், மேசையில், விரல்முட்டி.
டக்.
"ஊதும் வே" என்கிறது
ஜோக்கரைத் தேடிய குரல்.
இன்னொரு முட்டி. ஒரு தீப்பெட்டி. டம்ளர் விளிம்பில் கரண்டி.
அதற்கப்புறம் பதினோரு நிமிஷம்
அந்தக் கிளப்பில் யாரும் சீட்டாடவில்லை.

எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து அனுப்பினேன்.
உறைக்கு எழுதிக் கொடுத்தது:
டிரம்ஸ், கூரை விசிறி,
பத்தொன்பதாம் நிமிஷத்திலிருந்து பெயர் தெரியாத ஒருவர்.
அட்வான்ஸில் பாதியைத் திருப்பிவிட்டேன்.
பாதிதான்.
பஸ் ஹாரனை மட்டும் சேர்க்கவில்லை,
அது சுருதியில் இல்லை.