லோயர் கடிதத்தில் நிழல் பற்றி ஒன்றும் இல்லை

முப்பத்தொராம் திகதிக்கு முன்
வாகனத்தில் உள்ள பெயரை அகற்றவும் என்று
வரோதயனின் லோயர் எழுதியிருந்தார்.
இன்றைக்கு இருபத்தெட்டு.
ஏஜெக்ஸில் இந்த வருஷத்தின் முதல் வெயில்.

பெயருக்கு முதல் உப்பு.
நானூற்றொன்றாம் நெடுஞ்சாலை ஐந்து மாதமாய்
சீட்டுக்காசு போலச் சிறுகச் சிறுகச்
சேர்த்துத் தந்த உப்பு.
சில்லுக்கு மேலே, வளைவுக்குள்
குழாயைத் திணித்து அடிக்கிறேன்.
பழுப்புத் தண்ணீர் இறங்கிப் போய்
பக்கத்து வீட்டு டொமினிக்கின் புல்லைத் தொடுகிறது.
அவர் யன்னலால் பார்க்கிறார்.
கை காட்டுகிறேன். அவர் காட்டவில்லை.

இரண்டு வாளி.
ஒன்றில் சவர்க்காரம், மற்றதில் வெறும் தண்ணீர்.
பிக்கப்பை மேலிருந்து கீழே கழுவ வேணும்,
கூரையைக் கீழிருந்து மேலே போட வேணும்,
மாறிச் செய்தவன் இரண்டிலும் அழுவான்.
ஒன்பது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
பெரிய பகிடி என்றும் இல்லை.

பின்கதவில் தார்ப் பொட்டுகள்.
இது விற்பியில் மழைக்கு முதல்நாள் முடித்த வீடு.
இது பிக்கறிங் தேவாலயம்.
அந்தத் தேவாலயத்தின் பதினோராயிரம் டொலர் காசோலை
யார் பெயருக்கு வந்தது, யார் மாற்றினது,
சரி, விடு.
எண்ணெயைப் பூசிக் கொஞ்சம் பொறுத்தால்
தார் தானாகவே இளகும்.

கையில் பொலித்தீன் பையை மாட்டி
பொனற்றைத் தடவிப் பார்த்தேன்.
வெறுங்கைக்கு வழவழப்பு,
பைக்குள் இருக்கும் கைக்கு மணல்.
களிமண் கட்டியைப் பிசைந்து தட்டையாக்கி
நுரையில் இழுக்க இழுக்க
கட்டி கறுத்தது. சரசரப்பு மெலிந்தது.
பிறகு சத்தமே இல்லை.

இனிப் பெயர்.
விஜிதாவின் தலைமுடி காயவைக்கும் மெஷினை
நீள வயரில் கொழுவிக் கொண்டுவந்தேன்.
"உதால இனி நான் தலை காய வைக்கிறதோ?"
என்று வாசலில் நின்று கேட்டாள்.
சூடு பட்டதும் கடைசி எழுத்தின் மூலை சுருண்டது.
தோடம்பழத் தோல் போல
கிழியாமல், நீளமாய், உரிந்து வந்தது.
உருட்டிக் குப்பையில் போட்டேன்.
பசையைத் துடைத்தேன்.
நிமிர்ந்து பார்த்தால்
பெயர் அங்கேயே நிற்கிறது.

ஸ்ரிக்கர் இல்லை. பெயின்ற்.
ஒன்பது கோடை அடித்த வெயிலில்
கதவு முழுக்க வெளிறி
பழைய மிளகாய்த்தூள் நிறமாய்ப் போயிருக்க,
எழுத்துகள் மூடியிருந்த இடத்தில் மட்டும்
வாங்கின நாளின் சிவப்பு.

கொம்பவுண்ட் வைத்து மெஷின் பிடித்தேன்.
மங்கல் போய்க் கதவு மினுங்கியது.
அதோடு சேர்ந்து அவனும் மினுங்கினான்.

குணசீலன் அண்ட் என்பதை உரிக்கச் சொல்லி
ஒருவரும் எழுதவில்லை.
அதனால் அந்த அண்ட்
பாதிப் பாலம் மாதிரி
சிவப்புப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

மெழுகு பூச வெயில் சாய்ந்துவிட்டது.
கதவுக்கு வந்ததும் கை நின்றது.
எழுத்தை விட்டுச் சுற்றிவரப் பூசலாம்.
பூசாமல் விட்டால் இரண்டு மூன்று கோடையில்
வெயிலே லோயரின் வேலையைச் செய்து முடிக்கும்,
கட்டணமும் கேட்காது.
யோசித்தேன் என்று சொல்ல முடியாது.
வட்டமாய் இல்லாமல், நேராக,
ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு
ஒரே இழுவையில் பூசினேன்.

படம் எடுத்து லோயருக்கு அனுப்பினேன்:
அகற்றியாயிற்று.

இரவு ஒன்பதரைக்குப் பதில் வந்தது.
லோயரிடமிருந்து இல்லை,
நாலு மாதம் பேசாத நம்பரிலிருந்து.
"கண்ணாடிக்குக் கீழ தண்ணிக் கோடு நிக்குது.
காய முதல் துடைச்சிருக்க வேணும்."

துவாயையும் ரோர்ச்சையும் தேடி எடுத்துக்கொண்டு
செருப்பில்லாமல் இறங்கினேன்.
நின்றதுதான்.
இரண்டு கோடு.