கட்டணம் செலுத்திய கடல்

லியபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.
சீட்டு வாங்கி ஏறியவரை நடுவழியில் மறித்து
சன்னலோர இருக்கைக்கு இன்னும் இரண்டு யூரோ,
சன்னலைத் திறக்கத் தனி என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
புகைமீன் விற்கப் போகும் வெல்தா
கூடையாலேயே அடித்திருப்பாள்.

இதைச் சொல்லக் காரணம் ஒரு கப்பல்.

அதில் இந்துலிஸ் இரண்டாம் என்ஜினியர்.
எனக்கு முன்னாள் கணவன், எல்ஸாவுக்கு இந்நாள் அப்பா,
கூரை மாற்றும் செலவில் ஆயிரத்து இருநூறு யூரோ பாக்கி.
எப்போது கேட்டாலும்
"நடுக்கடலில் இருக்கிறேன், கரை வந்ததும் அனுப்புகிறேன்" என்பான்.
கடலில்தான் இருக்கிறானா என்று பார்க்கத்தான்
கப்பல்களைக் காட்டும் அந்தச் செயலியை வாங்கினேன்,
மாதம் பதினொன்று தொண்ணூற்றொன்பது.
விளம்பரம் இல்லாத திட்டம் என்று
கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பொய்யில்லை. ஷாம்பு வரவில்லை, சூதாட்டம் வரவில்லை.
வந்தது அவர்களேதான்.

வரைபடம் விரியும். நீலம் விரியும்.
பச்சை அம்பு ஒன்று எறும்புபோல் நகரும்.
இதோ 'வில்மா' என்று விரலை வைக்கும்போது
கடல்மேல் ஒரு வெள்ளைப் பலகை ஏறி உட்காரும்:
'ஜிந்த்ரா, ப்ளஸ் திட்டத்தில் இன்னும் தொலைவு தெரியும்!'
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம்.
எங்கள் வீட்டில் சண்டை வந்தால்தான் பெயர் சொல்வோம்.

கீழே இரண்டு பொத்தான்கள்.
'இப்போதே'. 'பிறகு பார்க்கலாம்'.
வேண்டாம் என்ற சொல் அவர்கள் மொழியில் இல்லை.
மூலையில் ஒரு பெருக்கல் குறி உண்டு,
கடுகளவு, பலகையின் நிறத்திலேயே.
முப்பது மீட்டர் வண்டியை நூல் பிசகாமல் நிறுத்தும் இந்தக் கை
அதைத் தொடப்போய் நான்கு முறை 'இப்போதே'யைத் தொட்டிருக்கிறது.
காசு கொடுத்துத் தேளைக் கொட்டச் சொன்ன கதை.
புகார் எழுதினேன்.
எங்கள் பதிலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று
பதில் வந்தது.

நவம்பர் கடைசியில் ஓர் இரவு
பிஸ்கே வளைகுடாவில் புயல்.
பத்து மீட்டர் அலை என்றார்கள் செய்தியில்.
எல்ஸா தூங்கியிருந்தாள்.
பரணில் வைத்த வாளிக்குள்
கூரை சொட்டிக்கொண்டிருந்தது.
கடனை நினைக்கவில்லை என்றால் பொய்.
முதலில் அதைத்தான் நினைத்தேன்.
அடுத்து, பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ்
போட்டுக்கொள்கிறவன் அவன் என்பதை.

திறந்தேன். நீலம். அம்பைக் காணோம்.
அம்பு இருக்கவேண்டிய இடத்தில் பலகை:
'உங்கள் கப்பலைத் தொலைத்துவிடாதீர்கள்!
இன்றிரவு மட்டும் நாற்பது சதவீதத் தள்ளுபடி.'

எழுதியவனுக்குப் புயல் தெரியாது.
வெயில் விழும் ஏதோ மேசையில், ஒரு செவ்வாய்க்கிழமை,
காபி ஆறுவதற்குள் எழுதியிருப்பான்.
ஆச்சரியக்குறியை மட்டும்
யோசித்துப் போட்டிருப்பான்.

மூடினேன். திறந்தேன். மூடினேன்.
மூன்று மணிக்கு, தொலையட்டும் சனியன் என்று
'இப்போதே'யை நானாகவே அழுத்தினேன்.
கணக்கில் பணம் போதாது என்றது வங்கி.
அந்த இரவில் எனக்குக் கிடைத்த
ஒரே நேர்மையான பதில்.

ஐந்தேகாலுக்கு டிப்போவில்
கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது
கைப்பேசி அடித்தது. ஃபெரோல் துறைமுகம்.
டீசலில் ஊறிய குரல்.
"ஒதுங்கிவிட்டோம். ஒன்றுமில்லை."
இருமினான்.
"அந்தக் கூரைப் பணம்..." என்று தொடங்கினான்.

முன்விளக்கைப் போட்டேன்.
தண்டவாளம் நனைந்து கிடந்தது.
பிறகு பார்க்கலாம் என்றேன்.
வேறு பொத்தான்
என்னிடமும் இல்லை.